புளி போட்டு மினுக்கின காசு

விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டத்தை நீட்டினால், ஐயர் கேட்க முதலே குணவதி பேர் சொல்லத் தொடங்கிவிடுவாள். மகள் அன்பரசி, ரோகிணி. மருமகன் திருமாறன், சதயம். பிறகு ஒருக்கால் மூச்சை எடுத்து, குரலைத் தாழ்த்தி, "கிருஷ்ணராசா, அனுஷம்."

கட்டின புருசனின் பேரை வாய்விட்டுச் சொல்லுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. வீட்டில் இருந்தவரைக்கும் "இஞ்சாருங்கோ", வெளியாட்களோடு "அவர்", அவ்வளவுதான். கோயிலில் மட்டும், சாமிக்கு ஆள் மாறிப் போய்விடக் கூடாதே என்று சொல்லுவாள். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் செய்கிறது. அது ஐயருக்கும் தெரியும், குணவதிக்கும் தெரியும். பக்கத்தில் நாலு மாத வயிற்றோடு நின்று காலை மாற்றி மாற்றி வைக்கிற அன்பரசிக்கு எல்லாரையும் விட நல்லாய்த் தெரியும்.

அது 2005ஆம் ஆண்டு, குளிர் பிடிக்கத் தொடங்கிய ஐப்பசி மாதம். வீட்டுக்குத் திரும்புகிற காருக்குள் அன்பரசி வாயைத் திறந்தாள்.

"அம்மா, இண்டைக்கும் அப்பான்ர பேரைச் சொன்னியள்."

"சொன்னால் என்ன? உன்ர பேர் இனிக்குது, கொப்பரின்ர பேர் கசக்குதோ?"

"குருக்கள் சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே. கிரியை செய்யாத ஆத்மா வாசலில நிக்குமாம். ரெண்டு தரம் எனக்கு வயித்தில தங்கேல்லை. இதையும் நான் குடுக்கவோ? ஏழாம் மாதத்துக்கு முதல் அந்தியேட்டியைச் செய்துபோடுவம் அம்மா."

"அந்தியேட்டி செத்தவைக்கு."

"ஒம்பது வருசம் அம்மா."

"இருக்கிற மனிசனுக்கு எள்ளும் தண்ணியும் விட்டால், கொன்றது ஆர்? அவங்களோ, நானோ?"

அன்பரசி கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதாள். காரை ஓட்டிக்கொண்டிருந்த திருமாறன்தான் இடையில் புகுந்தான். அவன் மலேசியாவில் ஈப்போப் பிள்ளை. படிக்க வந்து, ரயில்வேயில் இஞ்சினியராய் இருந்துவிட்டவன். யாழ்ப்பாணத்து மாமியாரை "அத்தை" என்பான், "லா" போட்டுப் பேசுவான், மற்றப்படி தங்கமான பிள்ளை.

"அத்தை, வீட்ல போய் ஒரு நல்ல டீ போட்டுக் குடிப்போம் லா. எனக்குப் பசிக்குது."

"உங்களுக்கு எப்பதான் பசிக்கேல்லை, தம்பி," என்றாள் குணவதி. காருக்குள் இருந்த இறுக்கம் கொஞ்சம் இளகியது. ஆனால் கேள்வி அப்படியே மூன்று பேருக்கும் நடுவில் இருந்து வீடுவரைக்கும் வந்தது.

கிருஷ்ணராசா எப்படிப் போனார் என்று சொல்லவேணும்.

சண்டை வந்து ஊரை விட்டு ஓடின நாளில், நகையோடு றோட்டில் போகப் பயந்து, குணவதியின் தாலிக்கொடியையும் இரண்டு காப்பையும் ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டு, வீட்டு வளவில் தேசிமரத்தடியில் அவர்தான் கிடங்கு கிண்டித் தாட்டார். "ஒரு கிழமையில வந்து எடுப்பன்," என்றார். அந்த ஒரு கிழமை ஆறு வருசமாய் இழுபட்டது. ஊர் முழுக்க ஆமியின் கம்பிவேலிக்குள் போய்விட்டது. குணவதி கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். தங்கச்சியின் கலியாணம் வந்தபோது அவள் முணுமுணுத்தாள்: "இந்த வெறுங்கயிறோடயே நான் மணவறைக்குக் கிட்டப் போய் நிக்கிறது?" ஒரு தரம் இல்லை, பல தரம்.

ஒரு காலமை அவர் தன் ரலிச் சைக்கிளை எடுத்தார். வளவைப் போய்ப் பார்க்க அனுமதி கேட்கிறேன் என்று முகாம் பக்கம் போனார். பின்னேரமும் வரவில்லை. அடுத்த நாள் குணவதி முகாம் வாசலுக்குப் போனாள். துவக்கோடு இரண்டு ஆமிக்காரர் வாசலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். "இல்லை. அப்பிடி ஆள் வரல்லை," என்றான் ஒருத்தன். அவனுக்குப் பின்னால், வேலியில் சாத்தினபடி, சைக்கிள் நின்றது. தன் பழைய நீலச்சேலையைக் கிழித்து அவள் தைத்துப் போட்ட சீற் உறை அப்படியே இருந்தது. அவள் கையை நீட்டிக் காட்டினாள். இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்தார்கள். காட்டின பக்கம் இரண்டு பேரும் திரும்பவில்லை.

பிறகு ஒரு நாள் போனபோது சைக்கிளும் இல்லை.

அதோடு முடிந்தது கதை. அதாவது முடியாமல் நின்றது.

இனி வீட்டுக்குக் காசுகள் வந்த கதை.

திருமாறனுக்குப் பழங்காசில் ஒரு பைத்தியம். இன்ரர்நெற்றில் ஆரோ ஒருவரிடம் ஒரு பை ரோமாபுரிக் காசு வாங்கினான். பொன்னுமில்லை வெள்ளியுமில்லை. வெண்கலக் காசு, விரல் நகத்தளவு, வயலில் கிண்டின மண் ஒட்டினபடியே. ஆயிரத்து எழுநூறு வருசப் பழசு என்றான். அதுகளை ஐஸ்கிறீம் டப்பாக்களில் போட்டு, ஒலிவ் எண்ணெய் ஊற்றி, குசினி யன்னல் ஓரத்தில் அடுக்கினான். மாதக்கணக்காய் ஊறவேணுமாம், பிறகு பல்லுக்குத்துகிற குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுரண்டவேணுமாம்.

"கடையில இவ்வளவு விலை விக்கிற எண்ணெயில காசு ஊறுகாய் போடுறீரோ?" என்றாள் குணவதி.

"ஆமா அத்தை. அடுத்த வருசம் தொட்டுக்கலாம்."

அந்த டப்பாக்கள் வந்த கிழமைதான் சத்தமும் வந்தது.

மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின், வெளிச்சமான பகலில்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு குறுகின ஒழுங்கை, அதற்கும் அங்கால் குரோய்டன் போகிற ட்ராம் பாதை. ட்ராம் போய் ஓய்ந்த அமைதியில், ஒழுங்கையில் ஆரோ சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. டிக்டிக்டிக் என்று பின்சில்லு போடுகிற சத்தம். அது கிட்ட வந்து, பின்கேற்றடியில் நின்றது. ஸ்ராண்டைக் காலால் தட்டி விடுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

குணவதி கையில் வெங்காயத்தோடு அப்படியே நின்றாள். லண்டனில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனால் இந்த ஊர்ச் சைக்கிளில் அந்தக் கனத்த ஸ்ராண்ட் கிடையாது. இரண்டு கால் விரித்து நிற்கிற ஸ்ராண்டின் சத்தம், இருபது வருசம் வாசலில் கேட்டுக் கேட்டுப் பழகின சத்தம். அவள் கதவைத் திறந்து பார்த்தாள். கேற்றும் ஈரமும் விழுந்த இலைகளும்தான்.

பயம் வரவில்லை, அதுதான் அதிசயம். உள்ளே வந்து கேத்திலைப் போட்டாள். இரண்டு கோப்பை பிளேன்ரீ ஊற்றினாள். ஒன்றைத் தான் குடித்தாள், மற்றதைப் பின்கதவடியில் வைத்தாள். ஆறின தேத்தண்ணியை மகள் வருமுன் ஊற்றிக் கழுவி வைத்தாள்.

பிறகு அது அடிக்கடி வந்தது. வராத நாளில் அவளுக்கு ஒன்றும் ஓடாது. வந்த நாளில் கறிக்கு உப்பு இரண்டு தரம் போடுவாள். "அம்மா இப்ப கொஞ்சம் சந்தோசமாய் இருக்கிறா," என்று அன்பரசி திருமாறனிடம் சொன்னதும் காதில் விழுந்தது. கிரியை செய்தால் இந்தச் சத்தம் நின்றுபோகும். குணவதி அதை ஒருத்தருக்கும் சொல்லவில்லை. மகளின் வயிற்றைப் பார்க்கும்போது நெஞ்சு சுட்டது. ஆனாலும் சொல்லவில்லை.

பிறகு ஒரு வெள்ளி. திருமாறன் வேலைக்கு வெளிக்கிடும்போது ஒரு காசை எண்ணெயில் இருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். களிம்பு மூடின பச்சைக் கட்டி.

"இதுல என்னமோ இருக்கு, அத்தை. ஆளுங்க மாதிரி தெரியுது. ஆனா பிடிவாதமா ஒளிஞ்சிக்கிட்டிருக்கு." மேசையில் ஒரு துண்டில் வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை என்றால் குணவதி சாமிவிளக்கு மினுக்குவாள். பழப்புளியைக் கரைத்து, உப்புக் கல்லுப் போட்டு, உச்சியில் இருந்து தட்டு வரைக்கும் தேய்த்தால், கறுத்த பித்தளை பொன்னாய்ச் சிரிக்கும். அன்றைக்கும் அப்படித்தான். கையில் மிச்சப் புளி இருந்தது. கண் அந்தக் காசில் விழுந்தது. ஐயோ பாவம், அந்தப் பிள்ளை மாதக்கணக்காய்க் குச்சியால் கிண்டவேணும். விளக்கும் வெண்கலமும் பித்தளையும் எங்களுக்குப் புதுசோ? பின்னேரம் வந்து பார்த்து வாயைப் பிளக்கட்டும். இப்படி நினைத்துத்தான் செய்தாள். புளிக்குள் காசைப் புதைத்து, விளக்கைக் கழுவித் துடைத்து முடியும்வரை விட்டு, பிறகு உப்புப் போட்டுப் பெருவிரலால் நல்லாய்த் தேய்த்தாள். பச்சைத் தண்ணி இறங்கியது. இன்னும் தேய்த்தாள்.

குழாய்த் தண்ணியில் கழுவிப் பார்த்தபோது காசு புதுச் செம்பாய், தோல் உரிந்த சதை மாதிரிச் சிவந்திருந்தது. அதில் இரண்டு பேர் நின்றார்கள்.

இரண்டு ஆமிக்காரர். தலையில் தொப்பி, கையில் ஈட்டி, காலடியில் கேடயம். நடுவில் ஒரு கொடித்தடி. ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் இருக்கிறதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

குணவதி குழாயைப் பூட்டினாள்.

அப்போதுதான் ஒழுங்கையில் சில்லுச் சத்தம் கேட்டது. டிக்டிக்டிக். கிட்ட வந்தது. நின்றது. ஸ்ராண்ட் விழுந்தது. அவள் காசைக் கைக்குள் பொத்தியபடி குசினி யன்னலால் பார்த்தாள். சோறு அவிந்த ஆவியில் கண்ணாடி புகைத்திருந்தது. துடைக்கவில்லை. துடைக்காமலே தெரிந்தது. கேற்றின் இரண்டு தூணோடும் ஒட்டி, இரண்டு பக்கமும், நெட்டையாய் இரண்டு நிழல். அதுக்கு அங்கால், குனிந்த தோளோடு, சைக்கிளைப் பிடித்தபடி ஒருத்தர். நீலம் ஒரு பொட்டளவு தெரிந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் அவள், மெதுவாய். "உள்ளுக்க வாங்கோவன்."

அவர் தலையைத் தூக்கினார் போல இருந்தது. இரண்டு நிழலும் ஒன்றையொன்று பார்த்தன. அவர் தலையைத் திரும்பக் குனிந்துகொண்டார்.

ஒரு ட்ராம் போனது. கண்ணாடி அதிர்ந்து, ஆவி கோடாய் வடிந்தது. கேற்று மட்டும் நின்றது.

குணவதி கதிரையில் இருந்துவிட்டாள். இவ்வளவு நாளும் அவர் தன்னைப் பார்க்க வாறார் என்று நினைத்திருந்தாள். அவர் வரவில்லை. அவரை நிற்பாட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வாசலிலேயே, அன்றைக்குப் போல, உள்ளேயும் விடாமல் திரும்பவும் விடாமல். அவள் கதவடியில் தேத்தண்ணி வைத்து வைத்து, அந்த மனிசனை நிற்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

திருமாறன் வந்ததும் காசை நீட்டினாள். அவன் முகம் ஒரு கணம் செத்துப் போனது. பிறகு மூக்கில் வைத்து மணந்தான்.

"புளியா?"

"ஓம் தம்பி. விளக்குக்குப் போட்டது. பிழையோ?"

அவன் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தான். "அந்தப் பச்சை அழுக்கு இல்ல அத்தை. அது தோலு. இத்தனை வருசம் மண்ணுக்குள்ள அதுதான் இதைக் காப்பாத்தி வெச்சிருந்துச்சு. அதோட இருந்தாத்தான் மதிப்பு."

"ஐயோ, நான் உரிச்சுப்போட்டனே."

"போகட்டும் லா. எனக்குக் காட்டாத மூஞ்சிய உங்களுக்குக் காட்டியிருக்கு. நீங்களே வெச்சுக்கங்க." காசைத் திருப்பி அவள் உள்ளங்கையில் வைத்தான். "இப்படிக் காசெல்லாம் நமக்கு எப்படிக் கிடைக்குது தெரியுமா? சண்டை வரும்போது பானையில போட்டுப் புதைச்சு வெச்சிட்டுப் போவாங்க. திரும்பி வந்தவன் தோண்டி எடுத்துச் செலவு பண்ணிருவான். அந்தக் காசு நம்ம கைக்கு வராது. நம்ம கைக்கு வர்றதெல்லாம் திரும்பி வராதவனோட காசுதான்."

அவனுக்குப் பால்மாப் பேணிக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை அதைச் சொல்லியிருக்கவே மாட்டான். குணவதி கனநேரம் காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தத் தேசத்திலோ, எந்த மரத்தடியிலோ, இதைத் தாட்டவனுக்கும் ஒருத்தி இருந்திருப்பாள். "ஒரு கிழமையில வந்து எடுப்பன்" என்று அவனும் சொல்லித்தான் போயிருப்பான்.

"எத்தினை வருசம் பாத்திருப்பாள்?" என்று கேட்டாள்.

"யாரு அத்தை?"

"ஒருத்தருமில்லை. கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாரும்."

அன்று பின்னேரக் கோயிலில் கூட்டம் கொஞ்சம்தான். குணவதி தட்டத்தை நீட்டினாள். அன்பரசி, ரோகிணி. திருமாறன், சதயம். மூச்சு எடுத்தாள். ஐயருக்குத்தான் பாடமாயிற்றே, அவரே தொடங்கினார்: "கிருஷ்ண..."

"அந்தப் பேர் வேண்டாம், ஐயா," என்றாள் குணவதி.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். மணியை எடுத்து மிச்ச இரண்டு பேருக்கும் அர்ச்சனை செய்தார். பின்னால் நின்ற அன்பரசி தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கையை விடவில்லை.

கிரியை சவுத்எண்ட் கடற்கரையில் நடந்தது. உடம்பு இல்லாதவருக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து கிடத்துவது முறை. கடற்கரையில் பெரிசாய் நெருப்பு மூட்ட ஏலாது என்று குருக்கள் கற்பூரத்தோடு நிறுத்திக்கொண்டார். காற்று அதையும் இரண்டு தரம் அணைத்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. திருமாறன்தான் வேட்டி கட்டிக்கொண்டு, குளிரில் பல்லுக் கிட்டக் கிட்ட முன்னால் இருந்தான். தர்ப்பை மனிசன் முழ நீளம்கூட இல்லை. இவ்வளவு சின்னனாய்ப் போனாரே என்று குணவதிக்குத் தோன்றியது.

"வாய்க்கரிசி போடுங்கோ அம்மா. ஒரு சில்லறையும் சேத்து வையுங்கோ," என்றார் குருக்கள்.

திருமாறன் அவசரமாய் ஒரு பென்ஸ் காசை நீட்டினான்.

"வேண்டாம் தம்பி. என்னட்ட இருக்கு."

சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். காசின் செம்புச் சிவப்பு இப்போதே மங்கி, ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. அந்த இரண்டு பேரும் அப்படியே ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குணவதி காசை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள். குருக்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவள் கவனிக்கவில்லை.

"நீங்கள்தானே வழி மறிச்சனீங்கள்," என்றாள் காசைப் பார்த்து. குரலில் கோபம் இல்லை. கேற்றுக் காவல்காரரோடு பேசுகிற மாதிரித்தான் பேசினாள். "நீங்களே இப்ப வழியை விடுங்கோ. அவர் இனி வளவு பாக்க வரேல்லை. அனுமதியும் கேக்கேல்லை. போறார். அவ்வளவுதான்."

அரிசியோடு சேர்த்து அதைத் தர்ப்பையின் வாயில் வைத்தாள். பிறகு குனிந்து, புல்லுக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "இஞ்சாருங்கோ. தாலிக்கொடி எனக்கு வேண்டாம். அது அங்கையே கிடக்கட்டும். நீங்கள் போங்கோ."

கடல் இறங்குகிற நேரம். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இறங்கியது. அவள் கழுத்து மஞ்சள் கயிற்றைக் குருக்கள் ஒருக்கால் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கழற்றச் சொல்லவில்லை. அது அப்படியே கிடந்தது.

திரும்புகிற வழியில் பார்க்கிங் என்கிற ஊர் ஸ்ரேசனில் இறங்கி ரயில் மாற வேண்டும். திருமாறன் தேத்தண்ணி வாங்கப் போனான். தாயும் மகளும் பிளாட்போமில் நின்றார்கள். பின்னேர வெயில் தண்டவாளத்தில் மஞ்சளாய் விழுந்திருந்தது. அன்பரசி வயிற்றில் கை வைத்தபடி, "கால் உளையுது அம்மா," என்றாள்.

"இந்தா ரயில் வந்திடும், பிள்ளை."

அப்போது பின்னால் இருந்து கேட்டது. டிக்டிக்டிக். மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வருகிற பின்சில்லு. குணவதி திரும்பவில்லை. நெஞ்சைக் கையால் பொத்தினாள். இனி நிற்கும், ஸ்ராண்ட் விழும் என்று காத்திருந்தாள்.

அன்பரசி திரும்பிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். நீள பிளாட்போமில் ஒரு சைக்கிளும் இல்லை.

"அம்மா... ஆர் இஞ்ச சைக்கிள் உருட்டுறது?"

குணவதி மகளின் தோளைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

"கொஞ்சம் இஞ்சால வா, பிள்ளை. வழியில நிக்காதை."

சத்தம் அவர்களை உரசிக்கொண்டு கடந்தது. நிற்கவில்லை. பிளாட்போம் முடிகிற பக்கமாய்ப் போய், போய், வெயிலுக்குள் மெலிந்தது. இரண்டு பேரும் அது கேட்காமல் போகும்வரைக்கும் மூச்சு விடாமல் நின்றார்கள்.